கெட்டி வேறு, உழைப்பது வேறு

போன மாதம் சுங்கை பினாங்கில் கார் பட்டறை நடத்தும் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். நல்ல தொழில்காரர். யாரோ ஒரு வாடிக்கையாளர் தன் காரை இன்னும் வேகமாக ஓடும்படி மாற்றித் தரச் சொல்லியிருக்கிறார். வந்தவர் சட்டைப் பையிலிருந்து இரண்டு வால்வு ஸ்பிரிங்குகளை எடுத்து மேசைமேல் வைத்து, "ஐயா, இதுல எது கெட்டி?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்துவிட்டேன். வந்தவர் முகம் சுருங்கிப் போயிற்று. கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார்.

நான் சிரித்தது அவரைப் பார்த்து அல்ல என்று விளக்குவதற்குள் மத்தியானம் போய்விட்டது. எழுந்து கிளம்பும்போது, "இதையெல்லாம் எழுதி வைங்க ஐயா, எங்களுக்கு ஆவும்" என்றார். ஓய்வு பெற்றவனிடம் எழுதச் சொன்னால் அவன் விடுவானா? இதோ உட்கார்ந்துவிட்டேன்.

நான் பிறந்தது சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு தோட்டத்தில். தோட்ட வேலை எனக்குப் பிடிக்கவில்லை, அதற்கும் என்னைப் பிடிக்கவில்லை. படகேறித் தஞ்சோங்குக்கு வந்தேன். ஜார்ஜ் டவுனை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அரிசி ஆலை இஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றினேன், லாஞ்சில் கரி அள்ளினேன், விரலை நசுக்கிக்கொண்டேன், திட்டு வாங்கினேன், ஃபிட்டர் ஆனேன். எல்லாரும் ஃபிட்டர் ஆவது அப்படித்தான் என்பதால் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. முப்பதுகளில் டவுனில் மோட்டார் கார்கள் பெருகியபோது, பினாங்கு ரோட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு கராஜில் சேர்ந்தேன். அங்கே ஃபோர்மேனாக இருந்தவர் காதர் நானா.

நானா என்றால் தமிழ் முஸ்லிம்கள் வழக்கில் அண்ணன். என்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் மூத்தவர். ஆனால் கராஜில் எல்லாருக்கும், முதலாளிக்கும்கூட, அவர் நானாதான். காக்கி அரைக்கால் சட்டை, தலையில் எண்ணெய்க் கறை படிந்த ஒரு சொங்கோக் தொப்பி. காலையில் சோறும் குழம்பும் காவடி போலத் தோளில் சுமந்து வருகிற நாசி கண்டார்காரரிடம் வாங்கிச் சாப்பிட்டால், கையைச் சவுக்காரம் போட்டு இரண்டு தடவை கழுவிவிட்டுத்தான் சாமானைத் தொடுவார். மீன் குழம்பு வாசனை இரும்புக்குப் பிடிக்காதாம்.

அவர் கோபத்தை அளப்பதற்கு எங்களிடம் ஒரு வழி இருந்தது. சாதாரண நாளில் எல்லாருக்கும் நீ, வா, போடாதான். கோபம் வந்தால் குரல் இறங்கும், மரியாதை ஏறும். "மாணிக்கம், கொஞ்சம் இங்கிட்டு வர்றீங்களா?" என்று கேட்டாரென்றால் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு ஓடுவேன். "வாங்க, உக்காருங்க" என்றும் சொல்லிவிட்டால் அன்றைக்கு யாருக்கோ சீட்டுக் கிழிந்தது என்று அர்த்தம். ஒருநாள் ஒரு வெள்ளைக்காரத் துரை தன் வண்டியில் தானே கை வைத்துக் கெடுத்துக்கொண்டு வந்து நின்றார். நானா அவரிடம் அத்தனை பணிவாகப் பேசினார். துரை மகிழ்ந்து போனார். நாங்கள் பயந்து போனோம்.

ஒரு வண்டிக்கு எந்தச் சாமானைத் தேர்ந்தெடுத்தாலும் நானாவிடம் காட்டாமல் மாட்ட முடியாது. அதைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு இரண்டு கேள்வி கேட்பார். முதல் கேள்வி, "இது எப்படிச் சாவும்?" இரண்டாவது, "சாவும்போது யாரைக் கூட்டிட்டுப் போவும்?" பதில் சொல்லத் தெரியாதவன் அந்தச் சாமானை மாட்டக் கூடாது. ஃபேன் பெல்ட் என்றால் சுலபம். அது அறுந்து சாகும். தண்ணீர் கொதிக்கும், வண்டியை ஓரங்கட்டலாம். யாரையும் கூட்டிக்கொண்டு போகாது. வால்வு ஸ்பிரிங் அப்படிப்பட்ட சாது இல்லை.

தொழில் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. இஞ்சினுக்குள் பெட்ரோலும் காற்றும் நுழைய ஒரு கதவு, எரிந்த புகை வெளியேற ஒரு கதவு. அந்தக் கதவுதான் வால்வு. அதைத் தள்ளித் திறப்பதற்கு ஆள் உண்டு. திறந்ததை இழுத்து மூடுவது ஸ்பிரிங் ஒன்றுதான். ஸ்பிரிங் முறிந்தால் கதவு உள்ளே தொங்கிவிடும். கீழிருந்து அரக்கப் பரக்க மேலே வரும் பிஸ்டன் அதன்மேல் மோதும். அப்புறம் இஞ்சின் சுற்றாது. ஓடுகிற வண்டியில் இஞ்சின் நின்றால், கியரில் இருக்கும் பின்சக்கரங்களும் அப்படியே பிடித்துக்கொள்ளும்.

இதை நான் முதலில் பார்த்தது ஒரு கல்யாண வண்டியில். ஆயர் ஈத்தாம் ரோட்டில் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போன வாடகைக் கார் படீரென்று நின்று, பின்சக்கரம் தேய்த்துக்கொண்டு குறுக்கே திரும்பிவிட்டது. சமதரை, மெதுவான ஓட்டம் என்பதால் யாருக்கும் அடி இல்லை. மாப்பிள்ளை பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெயிலில் நடந்தே போய்த் தாலி கட்டினார். நாங்கள் வண்டியை இழுத்து வந்து திறந்தோம். பிஸ்டன் சல்லடை. முறிந்த ஸ்பிரிங்கை நானா வெளிச்சத்தில் பிடித்து என்னிடம் நீட்டினார். முறிந்த இடத்தில், கம்பியின் மேல் குறடு பிடித்த தழும்பு ஒன்று. நகத்தால் தடவினால்தான் தெரியும். முன்பு எப்போதோ யாரோ மாட்டும்போது குறட்டால் கடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தத் தழும்பிலிருந்து விரிசல் தொடங்கி, நாளுக்கு ஒரு மயிரிழை உள்ளே போய், மாப்பிள்ளை ஏறிய அன்றைக்கு முடிந்திருக்கிறது.

அதற்கப்புறம் எங்கள் கராஜில் ஸ்பிரிங் பொறுக்குவது பெண் பார்ப்பதைவிடக் கஷ்டமாகிவிட்டது. முதலில் ஒவ்வொரு வளையத்தையும் நகத்தால் தடவ வேண்டும். நகம் எங்கே மாட்டினாலும் அது குப்பைக்கு. பிறகு மண்ணெண்ணெயில் ஊறப் போட்டு, துடைத்து, சுண்ணாம்புப் பொடி பூசி வைப்போம். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் கசிந்து, வெள்ளையில் ஒரு கறுப்புக் கோடு தெரியும். கண்ணாடித் தகட்டில் நிறுத்திப் பார்ப்போம். சாய்ந்து நிற்கிற ஸ்பிரிங் வால்வுத் தண்டை ஒரு பக்கமாகவே தள்ளித் தேய்க்கும். நல்லதென்று தெரிந்த ஸ்பிரிங் ஒன்றையும் புதியதையும் வைஸ் இடுக்கியில் முட்டுக்கு முட்டு வைத்து இறுக்குவோம். எது அதிகம் சுருங்குகிறதோ அது சோனி. கடைசியாக, சாயங்காலம் முழுக்க நசுக்கிப் பிடித்து வைத்துவிட்டுப் போய், காலையில் வந்து விடுவிப்போம். பழைய உயரத்துக்கு எழும்பினால் வேலைக்கு ஆகும். எழும்பாதது சோம்பேறி.

இனி, நான் சிரித்ததற்குக் காரணமான வண்டியின் கதைக்கு வருகிறேன்.

எங்கள் வாடிக்கையாளர்களில் ஒரு இளம் பாபா இருந்தார். பாபா என்றால் பல தலைமுறையாக இங்கேயே வாழ்ந்து, மலாய் பேசும் சீனர். அவர் குடும்பத்துக்கு அரிசி ஆலை. அவருக்கு ஆலையில் மனம் இல்லை, வண்டியில்தான். இங்கிலாந்திலிருந்து இரண்டு பேர் மட்டும் உட்காருகிற பச்சை வண்டி ஒன்றை வரவழைத்தார். நாய்க்குட்டி மாதிரி சின்னது, ஆனால் இஞ்சின் சத்தம் புலி. அந்த வண்டிக்கு டிரைவர் என் தம்பி வேலு.

மோட்டார் மோகம் பிடித்த சில கனவான்கள் சேர்ந்து, பாலிக் பூலாவ் போகும் மலைப் பாதையில் ஒரு போட்டி வைப்பதென்று முடிவு செய்தார்கள். அடிவாரத்திலிருந்து மேலே யார் சீக்கிரம் ஏறுவது என்று. ஒவ்வொரு வண்டிக்கும் மூன்று ஓட்டம். பாபாவுக்குச் சொந்தமாக ஓட்டத் தைரியம் இல்லை. அதை ஒளிக்காமல் சொல்கிற நேர்மை அவரிடம் இருந்தது. வேலு ஓட்டுவதென்று ஆயிற்று. அந்தப் பாதையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம், பள்ளத்தில் கிராம்பு மரங்கள். வேலுவுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கல்யாண வண்டியின் பிஸ்டன் அந்தச் சேதி கேட்ட நிமிஷமே என் கண்ணில் வந்து நின்றது. அது சமதரையில் நடந்தது.

அந்தப் பச்சை வண்டியில் ஒரு குறை இருந்தது. இஞ்சின் சுற்றும் வேகம் ஏற ஏற, ஸ்பிரிங்கால் வால்வை நேரத்தில் மூட முடியவில்லை. கதவு மூடுவதற்குள் மறுபடியும் திறக்கச் சொல்லி உதை விழுந்தது. இதை நாங்கள் வால்வு மிதக்கிறது என்போம். ஆகவே வேறு ஸ்பிரிங் போட வேண்டும். இதற்கு இரண்டு வழி. தடித்த கம்பியில் செய்த ஒற்றை ஸ்பிரிங் போடலாம். அல்லது மெல்லிய கம்பியில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு போடலாம்.

பாபாவிடம் ஒரு பழக்கம். வண்டியில் எந்த மாற்றமும் உட்கார்ந்து ஓட்டுகிறவன் சொல்கிறபடிதான். கழுத்து யாருடையதோ வாக்கும் அவனுடையது என்பார். அதனால் எந்த ஸ்பிரிங் என்று வேலுவையே கேட்டார். மலாயில், "யாங் மானா லெபே தாஹான்?" என்றார். தாஹான் என்றால் தாங்குவது, நின்று நிலைப்பது. எது ரொம்ப நாள் தாங்கும் என்று கேட்டிருக்கிறார்.

வேலு டிரைவர், ஃபிட்டர் இல்லை. இரண்டு மாதிரியையும் எடுத்துக்கொண்டு நானாவிடம் போனான். நானா ஒரு லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார், கால் மட்டும்தான் வெளியே தெரிந்தது. வேலு குனிந்து ஸ்பிரிங்குகளை உள்ளே காட்டி, "நானா, இதுல எது கெட்டி?" என்று கேட்டான். உள்ளேயிருந்து பதில் வந்தது. "தடிச்சதுதான்லா கெட்டி. இதுகூடத் தெரியாதா?"

வேலு நேரே பாபாவிடம் போய்த் தடித்ததைக் காட்டி, "யாங் இனி தாஹான், பாபா" என்றான். பாபா அன்றைக்கே சிங்கப்பூருக்குத் தந்தி கொடுத்தார்.

இதில் யாராவது பொய் சொன்னார்களா? இல்லை. நானா சொன்னதும் சரி, தடித்த ஸ்பிரிங்தான் கெட்டி. அழுத்தினால் சுலபத்தில் மசியாது, ஆனால் அதனாலேயே சீக்கிரம் களைத்து முறியும். வேலு புரிந்துகொண்டதும் தமிழ்தான். கெட்டிச் சாயம் என்றால் போகாத சாயம், கெட்டித் துணி என்றால் கிழியாத துணி. மலாய்க்காரன் விறைப்புக்கு கெராஸ் என்று ஒரு சொல்லும் உழைப்பதற்கு தாஹான் என்று ஒரு சொல்லும் வைத்திருக்கிறான். நமக்கு விறைப்பாக இருப்பதும் கெட்டி, நாள்பட உழைப்பதும் கெட்டி, தயிரும் கெட்டி, மேளமும் கெட்டி, சாமர்த்தியசாலியும் கெட்டிக்காரன். ஒரே சட்டையை ஐந்து பேர் போட்டுக்கொண்டு திரிந்தால் இப்படித்தான் ஆகும்.

சிங்கப்பூரிலிருந்து பெட்டி வந்தது. எட்டு வால்வுக்கு எட்டு ஸ்பிரிங், ஒவ்வொன்றும் பளபளவென்று. நானா ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார். எங்களுக்குக் கேட்டதும் கேட்காததுமான குரலில், "இத யாருங்க வரவழைச்சது?" என்றார்.

'யாருங்க' என்றதும் நாங்கள் ஆளுக்கொரு பக்கம் வேலை இருப்பதுபோல நகர்ந்தோம். வேலு மட்டும் நின்றான். "நீங்கதான நானா சொன்னீங்க" என்றான்.

"நான் என்னங்க சொன்னேன்?"

"தடிச்சதுதான் கெட்டின்னு சொன்னீங்க. நான் பாபாகிட்ட அதத்தான் சொன்னேன், தாஹான்னு."

 நானா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.  பிறகு மெதுவாக, "சொன்னேன். கெட்டின்னுதான் சொன்னேன். உழைக்கும்னு சொல்லலியே" என்றார்.

"கெட்டியா இருக்கிறது உழைக்காதா?"

"உங்க அண்ணன் கெட்டி. உழைக்கிறானா பாருங்க" என்றார். மூலையில் ஒளிந்திருந்த எனக்கும் அதில் ஒரு பங்கு. ஆனால் அதற்கப்புறம் அவர் வேலுவிடம் நீயென்று பேச ஆரம்பித்தார். கோபம் இறங்கிவிட்டது என்று எங்களுக்கு மூச்சு வந்தது.

நானா அவனிடம் தன் இரண்டு கேள்விகளையும் கேட்டார். வேலுவுக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை. பாபாவிடம் வாய் விட்டுச் சொல்லியாயிற்று, சாமானும் வந்தாயிற்று, இப்போது மாற்றிப் பேசினால் டிரைவருக்கு என்ன மதிப்பு? போதாததற்கு, கெடாவிலிருந்து போட்டிக்கு வரும் ஒரு தோட்டத் துரையின் வண்டியிலும் தடித்த ஸ்பிரிங்தான் என்று எங்கோ காப்பிக் கடையில் கேட்டிருக்கிறான். "எனக்கு இதுதான் வேணும், நானா. ஓட்டப் போறது நான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அன்று சாயங்காலம் வீட்டில் நான் அவனோடு சண்டை போட்டேன். சாதாரணச் சண்டை இல்லை, சின்ன வயதில் போட்டது போல. "நீ செத்தா உன் பொண்டாட்டிக்கு யாருடா பதில் சொல்றது?" என்று கேட்டுவிட்டேன். அவன் மனைவி அடுத்த அறையில் இருந்தாள். கேட்டிருக்கக் கூடாத வார்த்தை. பயத்தில் வந்தது. அவன் சாப்பிடாமல் படுத்துவிட்டான்.

 மறுநாள் நானா பச்சை வண்டியின் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றச் சொன்னார். ஹெட் என்பது இஞ்சினின் மூடி, வால்வுகள் தொங்குவது அதில்தான். அதை பெஞ்சின் மேல் இரண்டு கட்டைகளில் ஏற்றி வைத்தோம், அடியில் கை நுழையும்படி. ஒரு வால்வுக்குத் தடித்த ஒற்றை ஸ்பிரிங்கை மாட்டினார். பக்கத்து வால்வுக்கு இரட்டை. வெளி ஸ்பிரிங் எங்கள் கையிருப்பில் இருந்தது. உள்ளே போட ஒரு மோட்டார் சைக்கிளின் ஸ்பிரிங் சரியாகப் பொருந்தியது. வெளியே உள்ளது வலம்புரியாகச் சுற்றியிருந்தால் உள்ளே இருப்பது இடம்புரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றின் வளையத்தில் மற்றது சிக்கிக்கொள்ளும். அதையும் பார்த்துத்தான் பொறுக்கியிருந்தார். பாபாவையும் வேலுவையும் வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

இருவரும் வந்து நின்றதும் நானா ஹாக்ஸா பிளேடை எடுத்தார். தடித்த ஸ்பிரிங்கின் நடு வளையத்தை அறுக்கத் தொடங்கினார். கெட்டிதான், பிளேடு வழுக்கியது. ஒரு பிளேடு பல் போய் இரண்டாவது எடுத்தார். சிங்கப்பூரிலிருந்து வந்த புத்தம்புதுச் சாமான் கண்ணெதிரே அறுபடுவதைப் பாபா பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை. டக்கென்று ஒரு சத்தம். ஸ்பிரிங் தனக்குள்ளேயே சுருண்டு உட்கார்ந்தது. வால்வு ஒரு விரல்கடை கீழே இறங்கி, பிஸ்டன் வரும் வழியில் தொங்கி நின்றது. நானா அடியில் கைவிட்டு அதை ஆட்டிக் காட்டினார். வயசான பல் மாதிரி ஆடியது.

பிறகு பக்கத்து வால்வின் வெளி ஸ்பிரிங்கை அறுத்தார். அதுவும் டக்கென்று முறிந்தது. வால்வு இறங்கவில்லை. உள்ளே இருந்த மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. நானா அடியில் கைவிட்டு அழுத்திப் பார்த்து, வேலுவையும் அழுத்திப் பார்க்கச் சொன்னார். அவன் விரலால் இழுத்தான். வரவில்லை.

பாபா கொஞ்ச நேரம் இரண்டு வால்வையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வேலுவைப் பார்த்து, "சியாப்பா மாவ் டூடோக்?" என்றார். யார் உட்காரப் போவது என்று. அவ்வளவுதான் கேட்டார். அவர் குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. ஆனாலும் வேலுவின் காது சிவந்தது. அவன் மீதியிருந்த தடித்த ஸ்பிரிங்குகளைப் பெட்டியில் போட்டு மூடினான்.

நானா முகத்தை ஒன்றும் தெரியாதவர்போல வைத்துக்கொண்டு, "நல்லதாப் போச்சு. எட்டு வேணும்ல, இப்ப ஏழுதான கெடக்கு" என்றார்.

அடுத்த சில நாட்கள் நானும் நானாவும் எட்டு ஜோடி பொறுக்கினோம். நகம், மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, கண்ணாடி, வைஸ். வேறு வேலை எதையும் தொடவில்லை. வால்வு முழுக்கத் திறக்கும்போது வளையங்கள் ஒன்றையொன்று முட்டக் கூடாது, இடையில் ஒரு தபால் அட்டையாவது நுழைய வேண்டும். நுழைத்துப் பார்த்தோம். குறடு எதுவும் படாமல், துணி சுற்றிய நெம்புகோலால் மாட்டினோம். அந்த நாட்களில் நானா எனக்கு ஃபோர்மேனாக இல்லை. அவர் பிடிக்க நான் திருகினேன், நான் பிடிக்க அவர் திருகினார். பொறுக்கி முடித்த ஸ்பிரிங் ஒவ்வொன்றையும் நான் இன்னொரு தடவை நகத்தால் தடவினேன். அவர் பார்த்தார், தடுக்கவில்லை.

கராஜில் ஒரு சட்டமும் வந்தது. கெட்டி என்று சொல்லக் கூடாது. விறைப்பு என்றால் விறைப்பு என்று சொல், உழைக்கும் என்றால் உழைக்கும் என்று சொல். மறந்து கெட்டி என்று சொன்னவன் எல்லாருக்கும் காப்பி வாங்கித் தர வேண்டும். முதலில் மாட்டியவர் நானாவேதான். தன் பிள்ளை படிப்பில் கெட்டி என்று சொல்லிவிட்டார்.

போட்டிக்கு முந்தின நாள் நானா வேலுவை வண்டியில் உட்கார வைத்துச் சொன்னார். "கடைசி வளைவுக்கு முன்னால ஏத்தம் கொஞ்சம் தளரும். அங்க கால எடுத்துரணும். எடுக்காட்டி சுத்து எகிறிடும், ஸ்பிரிங் தாங்காது. கேட்டியா?" வேலு தலையாட்டினான். "வாயத் தொறந்து சொல்லு." "எடுத்துர்றேன் நானா." இதை அவர் என் எதிரிலேயே மூன்று தரம் சொல்லவைத்தார்.

போட்டியன்று நான் அந்தக் கடைசி வளைவுக்கு மேல் ஒரு பாறையில் போய் நின்றேன். வண்டி அடிவாரத்தில் கிளம்பியது பார்வைக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். முதல் ஓட்டத்தில், ஏற்றம் தளர்கிற இடத்தில் சத்தம் ஒரு நொடி தணிந்தது. காலை எடுத்திருக்கிறான். என் தம்பியை எனக்கு அப்போது மிகவும் பிடித்தது. இரண்டாவது ஓட்டத்திலும் எடுத்தான். ஆனால் கெடா துரையின் வண்டி அவனைவிடக் கொஞ்சம் முந்தியிருந்தது.

மூன்றாவது ஓட்டத்தில் சத்தம் தணியவில்லை. ஏற்றம் தளர்ந்த இடத்தில் அது இன்னும் ஏறியது. நான் அதுவரை கேட்டிராத உயரத்துக்கு ஏறியது.  பச்சை வண்டி வளைவில் வந்தது, பின்பக்கம் பள்ளத்தை நோக்கி ஒரு முழம் வழுக்கியது, நிமிர்ந்தது, மேலே போய்விட்டது. நான் பாறைமேல் உட்கார்ந்துவிட்டேன். வேலு ஜெயித்தான்.

பாபா எல்லாருக்கும் விருந்து வைத்தார். மறுநாள் காலை, கழுத்தில் மாலையின் நார்கூடக் காயாத வேலுவையும் வைத்துக்கொண்டு நானா வால்வு ஸ்பிரிங்குகளின் மேல் இருக்கும் தகர மூடியைத் திறக்கச் சொன்னார். வேலு, "ஜெயிச்ச இஞ்சின எதுக்கு நானா தொறக்குறீங்க?" என்றான். "தோத்த இஞ்சின் உண்மையச் சொல்லிரும். ஜெயிச்சதுதான் மறைக்கும்" என்றார்.

மூடியைத் தூக்கினேன். மூன்றாவது சிலிண்டரில், புகை போகும் வால்வின் வெளி ஸ்பிரிங் இரண்டு துண்டாகக் கிடந்தது. உள் ஸ்பிரிங் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு நின்றது.  வேலு கையைத் துடைத்துக்கொண்டு அருகே வந்து குனிந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். 

"நானா" என்றான், நிமிராமலே. "கடைசி ஓட்டத்துல நான் கால எடுக்கல."

"தெரியும்லா. நீ எடுக்க மாட்டேன்னுதான ரெண்டு போட்டேன்."

வேலு இப்போது நிமிர்ந்தான். "அப்பறம் எதுக்கு எடு எடுன்னு அத்தன தடவ சத்தியம் வாங்குனீங்க?"

நானா முறிந்த துண்டுகளை எடுத்துக் கந்தைத் துணியில் துடைத்தபடி, மோவாயால் என்னைக் காட்டினார். "உனக்காகவா வாங்குனேன்? ராத்திரி இவன் தூங்க வேணாமா?"

உண்மைதான். போட்டிக்கு முந்தின ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கியிருந்தேன்.